கறுப்பு ராஜாவோடு ராஸ் அல் கைமாவுக்கு

சனிக்கிழமை பிற்பகல் நாலு பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. ஷார்ஜாவில் மகள் குடியிருக்கும் வீட்டின் சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். அதனால்தான் நேரம் மனதில் நிற்கிறது. மேலே மஸ்கோத் அல்வா, அடுத்து மக்ரூன் டப்பா, அடியில் என் வேட்டிகளுக்கு நடுவே துண்டில் சுற்றிய எங்கள் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, கறுப்பு ராஜா. அல்வாவைக்கூட எடுக்காமல் ஆக்னஸ் துண்டைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தவர் கறுப்பாக இல்லை. ரோஸ் மில்க்கில் கொஞ்சம் சந்தனம் கலந்தால் என்ன நிறம் வருமோ, அந்த நிறம். உதடு சிவப்பு. கன்னத்தில் வட்டமாகக் குங்குமப்பூ பூசியதுபோல ஒரு மெருகு.

"அப்பா, இது யாரு?" என்றாள்.

பெட்டியை எடை போட்டதும் கயிறு கட்டியதும் நான். ராஜாவைத் துண்டில் சுற்றி வைத்தது என் மனைவி லூர்து. தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து சேரும்வரை பத்திரமாக இருக்கிறாரா என்று துண்டுக்கு மேலேயே தடவிப் பார்த்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இந்த ஊரில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. ஆக்னஸ் வேறொரு செயலியில் அம்மாவைப் பிடித்தாள். திரையில் லூர்து சந்தோஷமாகத்தான் வந்தாள்.

"எப்படி இருக்காரு? பளிச்சுன்னு இருக்காருல்லா? நம்ம சூசையண்ணன்ட்ட குடுத்தேன். மெழுகுவத்திப் புகை ஏறி மூஞ்சே தெரியலன்னாவ. வச்சிருந்து நிதானமா செஞ்சு குடுத்தாவ. துட்டுகூட வாங்கல."

"அம்மா, அவரு கறுப்பு ராஜாம்மா."

"கறுப்பு ராஜான்னு நாம கூப்பிடுதோம். அதுக்காக அப்படியேவா அனுப்புவாவ? வெளிநாட்டுல நாலு பேரு பாக்கப்போறாவ. வீட்டுல கவனிக்காமப் போட்டு வச்சிருக்காவன்னு நினைக்க மாட்டாவளா?"

ஆக்னஸ் கோபப்படவில்லை. "சரிம்மா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சூசையண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பகுதியில் புனிதர் சிலைகளுக்கெல்லாம் அவர்தான் வர்ணம். அவர் கையில் எல்லாப் புனிதர்களும் ஒரே சிவப்பாகத்தான் வருவார்கள். கறுப்பாக ஒரு ராஜாவைக் கண்டதும் பாவம், அழுக்கு என்று நினைத்திருக்கிறார்.

எதற்காக இந்த ராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பட்டறை நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஆக்னஸ் சேர்ந்திருக்கிறாள். சோதனைக் காலம் டிசம்பரோடு முடியப்போகிறது. திங்கட்கிழமை ராஸ் அல் கைமாவில் ஒரு பள்ளியில் அவளே தயாரித்த முதல் வகுப்பு. மேலதிகாரி வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், விசா நீளும். இல்லையென்றால் என்னோடு அதே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

வகுப்பின் பொருளை அவளே தேர்ந்தெடுத்தாள். ஐரோப்பாவின் பழைய நகரங்களில் வாழ்ந்த கறுப்பு மனிதர்கள். இதைக் கேட்டபோது, "அங்க ஏதும்மா அவங்க?" என்றுதான் நானும் கேட்டேன். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன் நான். லிஸ்பன், செவில், ஆண்ட்வெர்ப் எல்லாம் எனக்கு மிளகும் பட்டும் இறங்கிய துறைமுகங்கள். அங்கே சரக்கைத் தூக்கியவர்கள் யார் என்று யோசித்ததில்லை.

"நெறைய பேருப்பா," என்றாள். "அடிமையா கொண்டுபோனவங்க இருந்தாங்க, விடுதலையானவங்க இருந்தாங்க, சும்மா பொழைக்க வந்தவங்களும் இருந்தாங்க. ராஜா அரண்மனையில எக்காளம் ஊதியிருக்காங்க. முங்கின கப்பல்ல இருந்து சாமான் எடுத்துக் குடுத்திருக்காங்க. பட்டு நெய்திருக்காங்க, கல்யாணம் கட்டியிருக்காங்க, கோயில்ல ஞானஸ்நானம் வாங்கியிருக்காங்க. புஸ்தகத்துலதான் இல்ல."

"படத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. பாலகன் இயேசுவைப் பாக்க வார மூணு ராஜாக்கள்ல ஒருத்தரக் கறுப்பா வரையணும்னு ஒரு காலத்துல அங்க வழக்கமாச்சு. ஓவியருங்க எங்க போவாங்க? துறைமுகத்துக்குப் போவாங்க, பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போவாங்க. அங்க வேலை செய்யுத ஆள நிக்கவச்சு, பட்டுத்துணி போத்தி, கிரீடம் வச்சு வரைஞ்சாங்க. வரைஞ்சு முடிச்சதும் அந்த ஆளு திரும்பப் போய் மூட்டை தூக்குவாரு. அந்த முகத்தப் பாத்து இன்னொருத்தன், அவனப் பாத்து இன்னொருத்தன். அப்படியே கோவா வரைக்கும் வந்து, நம்ம வீட்டுக் குடில்லயும் நிக்காருப்பா."

வகுப்பில் காட்ட அவரைத்தான் கொண்டுவரச் சொன்னாள். எங்கள் ராஜா பழம்பொருள் ஒன்றும் இல்லை. நான் பிறப்பதற்கு முன் அப்பா கப்பல் வேலையாகக் கோவா போனபோது ஒரு மரச் சிற்பியிடம் வாங்கி வந்தார். ஆனால் அந்த முகத்தைச் செதுக்கியவனுக்கு ஏதோ பழைய மாதிரி இருந்திருக்க வேண்டும். மற்ற இரண்டு ராஜாக்களின் முகம் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இவருக்கு மட்டும் நெற்றியில் சுருக்கம், ஒரு புருவம் கொஞ்சம் தூக்கல். யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற முகம்.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் கேழ்வரகை ஈரத்துணியில் முளைக்கப் போட்டுவிடுவார்கள், குடிலுக்குப் புல் வேண்டுமே. கிறிஸ்துமஸ் அன்று ராஜாக்கள் குடிலில் இருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் அல்லவா? முதலில் தையல் மெஷின் மேல் நிற்பார்கள். தினமும் கொஞ்சம் நகர்த்துவோம். மெஷினிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து ரேடியோப் பெட்டி. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தொழுவத்துக்கு வந்து சேருவார்கள். கறுப்பு ராஜாவை நகர்த்துவது யார் என்று எனக்கும் தம்பிக்கும் அடிதடி நடக்கும். அவர்தான் கனமானவர். கையில் எடுத்தால் எடுத்தமாதிரி இருக்கும். அந்த வாரங்களின் வைக்கோல் வாசமும், பக்கத்து வீட்டு அடுப்பில் வேகும் கேக்கின் முட்டை வாசமும், தெருவில் நட்சத்திர விளக்குக்கு ஒயர் இழுக்கும் பையன்களின் சத்தமும் அந்தக் கனத்தோடு சேர்ந்துதான் எனக்குள் இருக்கின்றன. ரோஸ் நிற ராஜாவைக் கையில் தூக்கினேன். கனம் மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆக்னஸ் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ராஜாவின் பாதத்தில் தேய்த்துப் பார்த்தாள். புது பெயின்ட் வழுவழுவென்று இளகி வந்தது. கீழே கறுப்பு இருந்தது. குப்பி அதற்குள் காலி.

"கடையில கேட்டுப் பாப்போம்," என்றேன்.

ஷார்ஜாவிலேயே ரோலாப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. உரிமையாளர் கீழக்கரைக்காரர். எங்களுக்குத் தேநீர் சொல்லிவிட்டு ராஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தின்னர் இருக்கு, தாரேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் வீட்டுல ஏசியப் போட்டு, கதவ அடச்சு இத ஊத்துனீங்கன்னா மயங்கித்தான் கிடப்பீங்க. பெயின்ட் பழக்கம் உள்ள ஆளாப் பாருங்க, சார். பொம்மை நல்ல பொம்மை."

அப்போதுதான் முருகேசன் நினைவு வந்தது. விமானத்தில் என் பக்கத்து இருக்கை. முதுகுளத்தூர் பக்கம் ஊர். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலையில் ஸ்பிரே வேலை. லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த உப்புமாவை நான் தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்து, தன் பையிலிருந்து புளியோதரையை எடுத்துப் பாதி கொடுத்தவர். இறங்கும்போது, "ஒரு ஆத்திர அவசரம்னா கூப்பிடுங்க சார், கூச்சப்படாதீங்க" என்று எண்ணைக் கொடுத்தார். அவசரம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று இருவருமே நினைக்கவில்லை.

"பொம்மைக்குப் பெயின்ட் எடுக்கணுமா?" என்று போனில் நிதானமாகக் கேட்டார். "நாளைக்குத்தான் டூட்டி. கேம்ப்புக்கு வாங்க சார். நம்ம ரூம்ல எல்லாரும் பெயின்ட்லயே கெடக்குற ஆளுகதான்."

ராஸ் அல் கைமா பஸ்ஸில் பெண்களுக்கு முன்வரிசை. ஆக்னஸ் முன்னால், நான் பின்னால். எனக்கு முன் இருந்த இரண்டு மலையாளிகள், ஊரில் கட்டும் வீட்டுக்கு மாடி எடுக்கலாமா வேண்டாமா என்று வழி நெடுகப் பேசினார்கள். "மாடி எடுத்தால் யார் ஏறப் போகிறார்கள்? நான் இங்கே, மனைவி கீழே," என்றார் ஒருவர். மற்றவர், "துணி காயப்போடலாமே," என்றார். மணலும் மின்கம்பமும் மாறி மாறி வந்தன. எங்கள் ஊர் உப்பளப் பாதையை யாரோ தண்ணீர் இல்லாமல் நீட்டிவிட்டதுபோல இருந்தது.

பாதி வழியில் ஏசி நின்றது, பிறகு பஸ்ஸே நின்றது. எல்லோரையும் இறக்கி, பின்னால் வந்த வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். ராஜா மகளிடம் இருக்கிறார் என்று நான் ஏறினேன். அப்பாவிடம் இருக்கிறார் என்று அவள் ஏறினாள். வண்டி நகர்ந்தபோது ஒரு பட்டாணியர் கதவைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தார். இரண்டு கைகளிலும் துண்டில் சுற்றிய ராஜா, தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது.

"பாய், பிள்ளையைச் சரளைக்கல் மேல் போட்டுவிட்டுப் போகிறீர்களே," என்றார் இந்தியில். துண்டு விலகி முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார். "சேட்டுக்குப் பிறந்த பிள்ளை போலிருக்கிறது."

பஸ்ஸே சிரித்தது. ஆக்னஸும் சிரித்தாள். நான் வந்து இறங்கிய பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நான் ராஜாவை வாங்கி இரண்டு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்தச் சரளைக்கல் ஓரம் கண்ணுக்குள் வருகிறது.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் வாசலுக்கு முருகேசன் வந்திருந்தார். பின்னால் மலை வெட்டிய காயங்களோடு நின்றது. கல் லாரிகள் போன தூசி எல்லார் செருப்பிலும். ரூமில் அடுக்குக் கட்டில்கள், நடுவில் கொஞ்சம் இடம். முதலில் சாப்பாடு. செய்தித்தாள் விரித்து, மத்திக் குழம்பும் சோறும். மீன் எங்கள் கடல் மீன் அளவுக்குக் கொழுப்பில்லை. குழம்பு வைத்தவர் அதை எனக்கு முந்திச் சொல்லிவிட்டார்: "சார் தூத்துக்குடி. குறை சொல்லாமத் திம்பாரா, பாப்போம்." நான் மறுசோறு வாங்கினேன்.

சாப்பிட்டதும் வெளியே கைகழுவும் தொட்டிப் பக்கம் தின்னர் டின்னோடு உட்கார்ந்தோம். முருகேசன் பஞ்சைச் சுற்றிய குச்சியால் கன்னத்திலிருந்து ஆரம்பித்தார். ரோஸ் நிறம் வழிந்து துணிக்குப் போனது. ஒரு புருவம் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் தெரிந்தது. தையல் மெஷின் மேல் நின்ற அதே ஆள், மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்.

"அப்படியே தலையும் ஒரு இழுப்பு இழுத்துருவோம்," என்று முருகேசன் சொல்லிக்கொண்டே துணியை நனைத்துத் தலையைத் துடைத்தார்.

தலையில் கிரீடம் செதுக்கியிருக்கவில்லை. செதுக்கியிருந்தது ஒரு தலைத்துணி. அதன்மேல் தங்க மையால் கிரீடம் வரைந்திருந்தது. ஒரு இழுப்பில் கிரீடம் முருகேசன் துணிக்கு வந்துவிட்டது. பாலகனுக்குக் காணிக்கையாகக் கையில் ஏந்திய வெள்ளைப்போள வாசனைக் குடுவையின் தங்க மையும் தின்னர் வழிந்து கரைந்துபோனது. வெறும் மரம்.

முருகேசன் துணியில் மின்னிய தங்கத்தையும் ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டேன், பாப்பா," என்றார். "கடையில கோல்டு பெயின்ட் கிடைக்கும். திரும்பப் போட்டுரலாம்."

"இப்ப போட்டா நாளைக்குள்ள காயாதுண்ணே," என்றாள் ஆக்னஸ். "போட்டாலும் மிட்டாய்க் காகிதம் மாதிரி மின்னும். விடுங்க."

குழம்பு வைத்தவர் எட்டிப் பார்த்தார். "இப்ப நம்மாளு மாதிரியே இருக்காருல்ல? தலையில துண்டு, கையில கூஜா. டூட்டி முடிஞ்சு தண்ணி புடிக்க லைன்ல நிக்கிறாரு."

"டேய், சும்மா இருடா," என்றார் முருகேசன். அவருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. அவரைத் தேற்றுவது என் வேலையாகிவிட்டது.

ஆக்னஸின் வகுப்பு கிரீடத்தில் தொடங்குவதாக இருந்தது. "இந்த ராஜா எந்த ஊர் ராஜா?" என்பது பிள்ளைகளுக்கு அவள் வைத்திருந்த முதல் கேள்வி. அன்று மாலை ராஸ் அல் கைமாவில் நாங்கள் தங்கிய அறையில் அவள் அந்தக் கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவரப் பாத்தா ராஜான்னு யாருப்பா நம்புவா?" என்றாள்.

"ஊருக்கே வந்துருதியா, மக்களே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று தெரிந்தது. அவள் இங்கே தனியாக இருக்கிறாள் என்று தினமும் தூக்கம் கெடுகிற எனக்கு, அவள் தோற்று வருவதைப் பார்க்கும் தெம்பும் கிடையாது. அவள் ராஜாவின் காதோரம் ஒட்டியிருந்த ரோஸ் நிறத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நூலகத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். சுவரில் ஆக்னஸ் கொண்டுவந்த படங்கள்: அரச ஊர்வலத்தில் குதிரைமேல் எக்காளம் ஊதும் கறுப்பர், ஒரு பெண்ணின் பென்சில் சித்திரம், மூன்று ராஜாக்கள் ஓவியங்கள் சில. ராஜாவை வைக்கும் மேசையைப் பள்ளி உதவியாளர் அலமாரிக்குப் பக்கத்தில், மூலையில் போட்டிருந்தார். ஆக்னஸ் அதை மாற்றச் சொல்லவில்லை. பார்க்காமலே போனால் நல்லது என்று அவள் நினைத்திருக்கலாம்.

நான் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பைக்குள் ஜெபமாலை. வராந்தாவில் பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். பல தேசத்துப் பிள்ளைகள், எல்லாரும் ஒரே ஆங்கிலத்தில் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே விடும் முன் மேலதிகாரி பொருள்களைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவரைக் காணவில்லை. கல் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. உதவியாளர் இரண்டு தடவை தலையை நீட்டிக் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பிறகு கதவு திறந்தது. மேலதிகாரி மரியம் மேடம் வந்தார். ராஸ் அல் கைமாவிலேயே பிறந்து வளர்ந்தவர், முத்துக் குளித்த குடும்பம் என்று மகள் சொல்லியிருந்தாள். அதை வைத்து நான் மனதில் வேறொரு உருவத்தை வரைந்து வைத்திருந்தேன். கறுப்பு அபாயா அங்கிக்குள் இருந்த முகம், முருகேசன் தேய்த்து எடுத்த முகத்தின் அதே நிறத்தில் இருந்தது. அவருடைய முன்னோரில் யாரோ ஒருவர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தக் கடலில் முங்க வந்திருக்க வேண்டும், அல்லது கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும்.

எனக்கு சலாம் சொல்லிவிட்டுச் சுவர்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் மூலைக்குப் போனார். ராஜாவை இரண்டு கைகளாலும் தூக்கினார். முகர்ந்தார்.

"தின்னரா?"

ஆக்னஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சூசையண்ணன், அம்மா, கேம்ப், துணியோடு போன கிரீடம், ஒன்றையும் விடவில்லை. நானாக இருந்தால் பாதியை மறைத்திருப்பேன்.

"உங்கள் ஊரிலும் கறுப்பை வெளுக்கிறார்களா?" என்றார் மரியம் மேடம். சிரித்தாரா என்று தெரியவில்லை. பெருவிரலால் அந்தத் தூக்கிய புருவத்தைத் தடவினார். நெற்றிச் சுருக்கத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவர் பெயர் என்ன?"

வகுப்பில் எழுந்து நிற்கிற மாணவனைப்போல எழுந்து, "பல்தசார்," என்றேன். "மூன்று ராஜாக்களில் ஒருவர்."

"அது ராஜாவின் பெயர்," என்றார். "நான் இந்த மனிதரின் பெயரைக் கேட்டேன். முதன்முதலில் யாரோ ஒருவர் முன்னால் இப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அவர் பெயர்."

நான் ஆக்னஸைப் பார்த்தேன்.

"தெரியாது, மேடம்," என்றாள் அவள். "யாரும் எழுதி வைக்கவில்லை."

மரியம் மேடம் ராஜாவைத் தூக்கிக்கொண்டுபோய் அறை நடுவில் இருந்த பெரிய மேசையில், கதவைப் பார்த்தபடி நிறுத்தினார். வராந்தாப் பிள்ளைகளை உள்ளே விடும்படி உதவியாளருக்குக் கை காட்டினார். பிறகு என் மகளின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"தெரியாது என்பதிலிருந்தே ஆரம்பி. ஜனவரியில் புஜைராப் பள்ளிகளுக்குப் போவாய் அல்லவா, அங்கேயும் இதிலிருந்தே ஆரம்பி."